பிழை பிறக்கும் இடம்

விடைபெற்றுச் செல்பவர் ‘வருகிறேன்’ என்று கூறிச் செல்வது நம் வழக்கம். ‘போகிறேன்’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் வீட்டுப் பெரியோர் கண்டிப்பர். இவ்வழக்கின் அருமையை நான் உணர்ந்தது தமிழ்நாட்டில் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரிய நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்த ஓர் இடைநிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில். ஆண்டு 1981. விடைத்தாள் கட்டுடன் என்முன் நின்ற மாணவன் ஒருவன் எதையோ மறந்து வந்தவன்போல் திடுக்கிட்டு, ‘ஐ ஆம் கமிங், சார்’ என்று கூறிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தான். அருகிலிருந்த ஆங்கிலேய ஆசிரியர், “வெளியே போகிறவன் வருகிறேன் என்கிறான். வினைச்சொல்லின் பொருள்கூட இவர்களுக்கு விளங்கவில்லை” என்று சலித்துக்கொண்டார். எனக்கோ அவன் கூற்றில் பிழை எதுவும் தென்படவில்லை. அவன் தன் தாய்மொழியில் ‘அனா ம் அபியா’ என்று எண்ணி, அதனை ஆங்கிலத்தில் கூறியிருந்தான். சற்று நேரத்தில் திரும்பி வருவேன் என்பதே அதன் கருத்து.

இதனைக் கொண்டு இக்போ மொழிக்கும் தமிழுக்கும் இனவுறவு உண்டென எவரும் முடிவுகட்டிவிட வேண்டா. இரண்டொரு சொல் ஒத்துவரக் கண்ட அளவிலேயே உலக மொழிகளையெல்லாம் உறவாக்கிவிடும் ஆர்வம் நம்மிடையே சிலருக்கு உண்டு. இக்போ, நைஜர்–காங்கோ என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. நமக்கும் அதற்கும் குருதித் தொடர்பு இல்லை. தென்கிழக்கு நைஜீரியாவில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி அது. பலவகை எழுத்துமுறைகள் போட்டியிட்டுக் குழம்பியபின், 1961இல் ஒன்வு குழுவின் எழுத்துமுறை ஏற்கப்பட்டு இன்றளவும் நிலைபெற்றுள்ளது. அதில் எழுத்து 36, உயிர் 8. அவ்வுயிர்கள் நான்கு நான்காக இரு கூட்டங்களாய்ப் பிரிந்து நிற்கும். ஒரு சொல்லுக்குள் பெரும்பாலும் ஒரு கூட்டத்து உயிர்களே வரும். இவையன்றி ஒலியின் ஏற்ற இறக்கமும் பொருளை வேறுபடுத்தும். ‘அக்வா’ என்னும் ஒரே எழுத்துக்கோவை, குரல் ஏறி இறங்கும் முறைக்கேற்ப அழுகை, ஆடை, முட்டை, கட்டில் என நால்வேறு சொற்களாகும்.

நம் எழுத்தில் இவற்றையெல்லாம் காட்ட இயலாது. ஈண்டு நான் எழுதும் இக்போச் சொற்களில் முதற்கண் வரும் ககரத்தைக் ‘கங்கை’யில் ஒலிப்பதுபோலவும், பகரத்தைப் ‘பாரதி’யில் ஒலிப்பதுபோலவும் ஒலித்துக்கொள்க. ‘க்ப’ என்று எழுதுமிடத்தில் ககரமும் பகரமும் ஒரே கணத்தில் வெடிக்கவேண்டும். அதனைக் கற்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுவரை நல்ல பொழுதுபோக்காயிற்று.

எண்ணெய் வருவாயால் பள்ளிகள் பெருகிய அக்காலத்தில் இந்தியாவிலிருந்து ஆசிரியர் பலர் நைஜீரியா சென்றனர். கணக்கும் அறிவியலும் கற்பிக்கச் சென்றோரே மிகுதி. நான் ஆங்கிலம் கற்பிக்கச் சென்றேன். நான் பயின்ற ஆசிரியப் பயிற்சியில் இராபர்ட் லாடோ 1957இல் எழுதிய நூலின் கருத்து வேதவாக்காக இருந்தது. இரு மொழிகளையும் ஒப்பிட்டால் மாணவன் எங்கே இடறுவான் என்பதை முன்கூட்டியே அறியலாம். தாய்மொழி வேறுபடும் இடமே தடை என்பது அதன் சாரம். அக்கருத்து பள்ளி நிருவாகத்தின் கைக்கு வரும்போது மேலும் சுருங்கிவிட்டது: தாய்மொழியே தடை. ஆகவே வளாகத்திற்குள் இக்போ பேசுவோரின் பெயரை எழுதிவைக்க வகுப்புதோறும் ஒரு பட்டியல் இருந்தது. வாரக் கடைசியில் பட்டியலில் உள்ளவர்கள் தண்டம் கட்டவேண்டும், அல்லது விளையாட்டுத் திடலில் புல் வெட்டவேண்டும். என் வகுப்புப் பட்டியலை நானே வைத்திருந்தேன். அதை இன்று எண்ணுங்கால் நாணுகிறேன்.

அந்தப் பட்டியலில் வாரந்தோறும் இடம்பெற்ற மாணவன் ஒருவன் இருந்தான். கதை சொல்வதில் வல்லவன். அவன் எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒவ்வொன்றிலும் ‘ஹி டிட் நாட் கேம்’ என்பது தவறாமல் வரும். சிவப்பு மையால் அடித்து அடித்து என் கை சலித்தது. ‘இக்போவில் எண்ணுவதால் வரும் கேடு’ என்று ஒருமுறை அவன் ஏட்டிலேயே எழுதினேன். அக்காலத்தில் பள்ளியிறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளில் உயர்தகுதி பெறாதவனுக்குப் பல்கலைக்கழக வாயில் திறவாது. இன்றும் அதுவே நிலை. எனவே என் சினம் அவன் நலம் கருதியே என்று நானே எனக்குச் சமாதானம் கூறிக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் குடியிருந்த இக்போ ஆசிரியர் ஒருவரிடம் மாலை வேளைகளில் அவர் மொழியைப் பயிலத் தொடங்கியபின்னரே என் அறியாமை எனக்குப் புலனாயிற்று. நன்னூல் நமக்குப் பகுபதத்தைப் பகுத்துக் காட்டியிருக்கிறதன்றோ? பகுதி, இடைநிலை, விகுதி என்னும் அம்மூன்று கருவிகளையே எடுத்துக்கொண்டு போனேன். இக்போ வினை அவற்றுக்கு நன்கு இடங்கொடுத்தது. வினைப்பகுதி பெரும்பாலும் ஒரே அசை: ‘ரி’ என்றால் உண்; ‘கா’ என்றால் போ; ‘மெ’ என்றால் செய்; ‘ந்யெ’ என்றால் கொடு; ‘ரெ’ என்றால் விற்பனை செய். இறந்தகாலம் காட்ட ரகரத்தைச் சேர்த்து, பகுதியின் உயிரையே மீண்டும் அதன்மேல் ஏற்றினால் போதும். ரிரி, உண்டான், காரா, போனான், மெரெ, செய்தான், ந்யெரெ, கொடுத்தான், ரெரெ, விற்றான். ஒட்டு தனக்கென உயிர் வைத்துக்கொள்ளாமல் பகுதியினிடம் கடன் வாங்குகிறது, விதி ஒன்றே.

இதே ஐந்து வினைகளை ஆங்கிலத்தில் நோக்குக. ஈட் என்பது ஏட் ஆகிறது. கோ என்பது வென்ட் ஆகிறது. டூ என்பது டிட். கிவ் என்பது கேவ். செல் என்பது சோல்ட். ஒன்றில் உயிர் மாறுகிறது, ஒன்றில் சொல்லே மாறுகிறது, ஒன்றில் உயிரும் மாறி ஈறும் சேர்கிறது. ஒழுங்கான வழியாகிய ‘எட்’ என்னும் ஈறு இவ்வைந்தில் எதற்கும் உதவவில்லை. நாள்தோறும் வழங்கும் வினைகளே ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவை. தொடக்கநிலை மாணவன் முதலில் சந்திப்பதும் அவற்றையே. ஒழுங்குடைய மொழியிலிருந்து வந்த பிள்ளை ‘கோட்’, ‘ஈட்டட்’ என்று எழுதினால் அதனை அறிவின்மை என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலேயக் குழந்தைகளும் மூன்று நான்கு வயதில் அப்படித்தான் பேசுகின்றன.

இனி, ‘டிட் நாட் கேம்’ என்பதற்கு வருவோம். இக்போவில் ‘ஒ பியாரா’ என்றால் வந்தான். வரவில்லை என்பதற்கு ‘ஒ பியாகி’ என்பர். இங்கே வரும் ககரம் நாம் ‘அகம்’ என்பதில் ஒலிக்கும் மெல்லிய ககரத்துக்கு மிக அண்மையது. எதிர்மறை ஒட்டாகிய ‘கி’ வந்தவுடன் இறந்தகாலம் காட்டிய ‘ரா’ அகன்றுவிடுவதை நோக்குக. நம் மொழியிலும் ‘வந்தான்’ என்பதற்கு எதிர்மறை ‘வரவில்லை’; ‘வந்தவில்லை’ என்று எவரும் சொல்வதில்லை. எதிர்மறை வந்தால் காலங்காட்டும் உறுப்பு வினைப்பகுதியை விட்டு விலகவேண்டும் என்பது இக்போப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்த இலக்கணம். ஆங்கிலமும் அதனையே வேறு வழியில் செய்கிறது: காலத்தை ‘டிட்’ என்னும் துணைவினை சுமந்துகொள்ள, ‘கேம்’ மீண்டும் ‘கம்’ ஆகிறது.

ஆகவே அந்த மாணவன் உண்மையில் இக்போவில் எண்ணியிருந்தால் அப்பிழையைச் செய்திருக்கவே மாட்டான். அப்பிழை ஆங்கிலத்துக்குள்ளேயே பிறந்தது. ‘நேற்று நடந்ததா? அப்படியெனில் இறந்தகால வடிவம் எழுது’ என்று நான் ஓயாது முழங்கியதன் விளைவு அது. நோயை உண்டாக்கியது என் பாடம். மருந்து அவன் தாய்மொழியில் இருந்தது. நானோ மருந்துப் பெட்டியைப் பூட்டிவைத்து அதைத் தொட்டவனைப் புல் வெட்ட அனுப்பினேன். ஓரிரு வாரத்தில் கரும்பலகையில் ‘பியாரா’, ‘பியாகி’ இரண்டையும் எழுதி, எது மறைந்தது என்று வகுப்பைக் கேட்டேன். பள்ளி விதிப்படி நானே அன்று குற்றவாளி. ‘ரா’ மறைந்தது என்றனர். அப்படியே ‘கேம்’ என்பதிலும் பழமை மறையவேண்டும் என்றேன். ஒரே பாட வேளையில் பிழை ஒழிந்தது என்று கூறினால் அது பொய். எனினும் அதன்பின் மாணவர் தம் பிழையைத் தாமே கண்டுபிடித்து அடிக்கத் தொடங்கினர்.

மொழியியலார் இதனை முன்பே கண்டிருந்தனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை, கற்போரின் பிழை களையவேண்டிய குப்பையன்று, கற்றல் எவ்வழியே நிகழ்கிறது என்று காட்டும் சான்று என நிறுவியது. லாடோவைப் படித்த எங்களுக்கு அவரையும் சேர்த்துப் படிப்பித்திருக்கலாம்.

பிறிதொரு சான்று கூறுவேன். படர்க்கை ஒருமையில் ஆங்கில நிகழ்கால வினை சகரம் ஏற்கும். ‘ஹி கோஸ்’ என்னவேண்டிய இடத்தில் இக்போ மாணவர் ‘ஹி கோ’ என்பர். இக்போ வினை திணை, பால், எண், இடம் எதற்கும் தன் வடிவை மாற்றிக்கொள்வதில்லை. அதனால் வந்த பிழை இது என்று பயிற்சி நூல்கள் கூறும். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளும் ‘ஹி கோ’ என்றே தொடங்குகிறார்களே, அதற்கு என்ன விடை? வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று முற்றுவினையின் ஈற்றிலேயே எழுவாயைச் சொல்லிவிடும் மொழி நம்முடையது. இயைபு இல்லாத மொழியினரும் இயைபு மிகுந்த மொழியினரும் ஒரே இடத்தில் இடறுவாரெனில், கல் அவ்விடத்தில் கிடக்கிறது என்பதே பொருள், கால்களில் குறையில்லை.

தாய்மொழியால் வரும் பிழையே இல்லை என்று நான் வாதிடவில்லை. அது மறுதலைப் பேதைமை. இக்போவில் ‘ஒ’ என்னும் ஒரே படர்க்கைப் பெயர் அவன், அவள், அது மூன்றுக்கும் உரியது. ஆதலின் தன் அன்னையைப் பற்றி எழுதும் பிள்ளை இடையில் ‘ஹி’ என்று எழுதிவிடுவது இக்போவின் கொடையே. ‘ஒ நா-அகா அஹியா’ என்பது ‘சந்தைக்குச் சென்றுகொண்டிருக்கிறான்’ என்றும் ‘சந்தைக்குச் செல்வது வழக்கம்’ என்றும் இருபொருள் படும். ‘நா’ என்னும் துணைவினை இரண்டையும் சுமக்கிறது. இரண்டையும் வேறுபடுத்தும் ஆங்கிலத்துக்குள் அதே பழக்கத்தோடு நுழைபவர் ‘எவ்ரி மார்க்கெட் டே ஷி ஈஸ் கோயிங்’ என்பர். (நம் நாட்டு ஆங்கிலமும் இதற்கு விலக்கன்று என்பதை இம்மலரைப் படிக்கும் ஆங்கிலத்துறை நண்பர்கள் ஒப்புவர்.) மணத்தை ‘நுகர்’ என்னாது ‘கேள்’ என்னும் வினையாலேயே இக்போ குறிக்கும், எனவே சமையற்கட்டிலிருந்து எழும் மணத்தை ‘ஐ ஆம் ஹியரிங் தி ஸ்மெல்’ என்று ஒரு சிறுமி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தொடரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

வினா எழுப்பும் முறையும் எனக்கு வியப்பளித்தது. நாம் ‘வந்தானா’ என்று ஆகாரம் சேர்க்கிறோம். ஆங்கிலம் ‘டிட்’ என்பதை முன்னே கொணர்ந்து நிறுத்துகிறது. இக்போ எந்தச் சொல்லையும் சேர்ப்பதில்லை. ‘ஒ பியாரா’ என்பதில் ‘ஒ’வைத் தாழ்ந்த குரலில் ஒலித்தால் ‘வந்தானா?’ என்று ஆகிவிடும். அயலார் காதுக்கு இவ்வேறுபாடு எளிதில் பிடிபடாது. நான் செய்தி சொல்லும்போதெல்லாம் கேள்வி கேட்பதாக எண்ணிப் பால்காரர் விடை சொல்லிக்கொண்டிருந்தார்.

கால வேறுபாட்டில் ‘லா’ என்னும் ஒட்டையும் குறிப்பிடல் வேண்டும். ‘ஒ பியாரா’ என்பது வந்தான். ‘ஒ பியாலா’ என்பது வந்துவிட்டான், வந்திருக்கிறான். ‘கேம்’ என்பதற்கும் ‘ஹாஸ் கம்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை நான் கோடும் அம்புக்குறியும் வரைந்து ஒரு வாரம் விளக்கினேன். அடுத்த வீட்டு ஆசிரியர் ஒரு நாள் வகுப்புக்கு வந்து ‘பியாரா, பியாலா’ என்று இரு சொல் கூறிவிட்டுப் போனார். வகுப்பு முழுவதும் ‘ஓ’ என்றது. வட்டாரத்துக்கு வட்டாரம் இந்த ‘லா’ வேறுபடும். சில ஊர்களில் ‘கொ’ என்பர். அது வேறு செய்தி.

இதுகாறும் இக்போவர் ஆங்கிலம் கற்பதைப் பற்றிக் கூறினேன். எதிர்த்திசையில் செல்வோரின் இடர்ப்பாடும் அறியத்தக்கது. ஆங்கிலத்தை ஏணியாகக் கொண்டு இக்போவில் ஏறுபவர் இரண்டாம் படியிலேயே வழுக்குவர். ரகர ஒட்டு இறந்தகாலம் என்று கற்றவுடன் ‘ஒ ந்வெரெ எகோ’ என்னும் தொடர் எதிர்ப்படும். ‘அவனிடம் பணம் இருந்தது’ என்று மொழிபெயர்ப்பர். தவறு; ‘பணம் இருக்கிறது’ என்பதே பொருள். ‘ஒ மாரா ம்மா’ என்றால் அவள் அழகாக இருந்தாள் என்பதன்று, அழகாக இருக்கிறாள் என்பது. செயலைக் குறிக்கும் வினையோடு சேர்ந்தால் இறந்தகாலம் காட்டும் அதே ஒட்டு, தன்மையையோ நிலையையோ குறிக்கும் வினையோடு சேர்ந்தால் இப்போதுள்ள நிலையைக் காட்டும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு இது புதிர். தமிழிலக்கணம் பயின்றவர்க்கு அத்துணைப் புதிரன்று. காலத்தை வெளிப்படக் காட்டும் தெரிநிலை வினை, பண்பு முதலியவற்றைச் சார்ந்து காலத்தைக் குறிப்பாற் காட்டும் குறிப்புவினை என வினையை இரண்டாகப் பகுத்த மரபு நம்முடையது. ‘நல்லன்’, ‘கரியன்’ என்பன நமக்கு வினைமுற்றுகள். நான் இக்போவின் இவ்வியல்பை என் குறிப்பேட்டில் ‘குறிப்புவினை’ என்னும் தலைப்பின்கீழேயே எழுதிவைத்தேன். முழுப்பொருத்தம் இல்லையெனினும் அத்தலைப்பு எனக்குக் கைவிளக்காயிற்று.

பண்பைச் சொல்லும் பொறுப்பை இக்போ வினைகளும் பெயர்களும் ஏற்றுக்கொண்டமையால் அம்மொழியில் பெயரடைக்கு வேலை குறைவு. பெரிய, சிறிய, நல்ல, தீய, கரிய, வெளிய, புதிய, பழைய. ஆக எட்டே பெயரடைகள் என்று அறிஞர் எண்ணிக் காட்டியுள்ளனர்.

அயலார்க்குப் பெருஞ்சோதனை ‘க்பா’ என்னும் வினையே. அகராதியில் அதற்குப் பொருள் தேடுபவன் பாலைவனத்தில் ஊற்றுத் தேடுபவனை ஒப்பான். ‘க்பா ஒசொ’ என்றால் ஓடு. ‘க்பா எக்வு’ நடனமாடு. ‘க்பா எக்பெ’ துப்பாக்கியால் சுடு. ‘க்பா ம்க்பா’ மற்போர் புரி. ‘க்பா ன்கித்தி’ பேசாதிரு. கால்பந்து நாட்டுக்குள் வந்தபோது அதற்கும் ‘க்பா பொலு’ என்றாயிற்று. ஓடுவதும் பேசாதிருப்பதும் ஒரே வினையா என்று ஆங்கிலம் அறிந்தவர் திகைப்பர். பொருள், வினையில் மட்டும் இல்லை. வினையும் அதனோடு பிரியாது வரும் பெயரும் சேர்ந்த இணையில் இருக்கிறது. இக்போ மொழியியலார் நுவாசுக்வு போன்றோர் இத்தகைய வினைகளைத் தனி வகையாகப் பிரித்து ஆராய்ந்துள்ளனர். நாம் மணி அடிக்கிறோம், நீச்சல் அடிக்கிறோம், சாயம் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம். வெயிலும் அடிக்கிறது, காய்ச்சலும் அடிக்கிறது. ‘அடி’ என்பதன் பொருள் என்ன என்று ஓர் இக்போவர் என்னைக் கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன்.

இந்த இணைப்பழக்கத்தால் இக்போ மாணவர் ஆங்கில வினைக்கும் ஒரு துணைப்பெயரைத் தேடுவர். ‘ரி’ தனித்து நில்லாது. ‘ரி ன்ரி’, உணவு உண் என்றே வரும். ‘க்வு’ என்னாது ‘க்வு ஒக்வு’, பேச்சுப் பேசு என்பர். எனவே ‘ஐ ஹாவ் ஈட்டன்’ என்று ஆங்கிலேயர் நிறுத்துமிடத்தில் ‘ஃபுட்’ என்பதையும் சேர்த்தால்தான் அவர்களுக்கு நிறைவு. இதனைப் பிழை என்று மதிப்பெண் குறைப்பவர் உளர். நான் குறைக்கவில்லை.

புதிய வினை ஆக்கும் திறத்தில் இரு மொழிகளும் வெவ்வேறு செல்வம் உடையன. ஆங்கிலம் பெயரைச் சிறிதும் மாற்றாமல் வினையாக்கிவிடும். தண்ணீர் என்னும் ‘வாட்டர்’, செடிக்கு ஊற்றும்போது வினை. ஈறு சேர்த்தும் முன்னொட்டுச் சேர்த்தும் ‘வைடன்’, ‘என்லார்ஜ்’ என்று ஆக்கும். இக்போவில் நடை எதிர்ப்புறமானது: வினையிலிருந்து பெயர் பிறக்கும், பெயரை அப்படியே வினையாக்கும் வழக்கம் இல்லை. மாறாக, வினைமேல் வினை அடுக்கும் ஆற்றல் அதற்குண்டு. ‘தி’ அடி, ‘க்பு’ கொல். ‘ஒ திக்புரு யா’ என்றால் அவனை அடித்தே கொன்றான். ‘கு’ தட்டு, ‘வா’ பிள. ‘குவா’ என்றால் தட்டி உடை. ஓட்டத்தைக் குறிக்கும் ‘க்பா’வுடன் வெளியேறுதலைக் குறிக்கும் ‘பு’ சேர்ந்தால் வெளியே ஓடு, தப்பியோடு. உட்புகுதலைக் குறிக்கும் ‘பா’ சேர்ந்தால் உள்ளே ஓடு. இப்பக்கம் நோக்கிய இயக்கத்தைக் காட்டும் ‘தா’ சேர்ந்தால் ஓடி வா.

ஆங்கிலம் கற்போர் எந்நாட்டினராயினும் அஞ்சுவது ‘ரன் அவே’, ‘கம் இன்’, ‘டேக் அவுட்’ போன்ற இருசொல் வினைகளையே. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்விக்கிறோம். இக்போப் பிள்ளையோ இயக்கம் ஒரு சொல்லாகவும் திசை ஒரு சொல்லாகவும் சேர்ந்து வினையாகும் முறையை நடைபழகும் வயதிலேயே கற்றவன். அவன் வீட்டுச் சரக்கை அவனுக்கே காட்டினால் போதும். ‘கிவ் அப்’ போன்று திசைப்பொருள் அற்றுப்போன சிலவற்றை மட்டும் மனனம் செய்யட்டும்.

இவையெல்லாம் நாற்பதாண்டுக்கு முந்திய ஒரு வகுப்பறைக் கதையென விட்டுவிடலாமா எனின், இயலவில்லை. நைஜீரியாவின் 1977ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையே தொடக்க வகுப்புகளில் தாய்மொழிக்கு இடம் தந்தது; நடைமுறை வேறாக இருந்தது. 2022 நவம்பரில் நடுவண் அமைச்சரவை, தொடக்கக் கல்வியின் ஆறாண்டுகளும் தாய்மொழி வழியே அமையவேண்டும் என்னும் தேசிய மொழிக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது மகிழ்ந்தேன். 2025 நவம்பரில் அந்நாட்டுக் கல்வி அமைச்சர் அக்கொள்கை கைவிடப்பட்டதாகவும் இனி ஆங்கிலமே பயிற்றுமொழி என்றும் அறிவித்தார். தாய்மொழி வழிக் கல்வியை மிகுதியாகக் கைக்கொண்ட பகுதிகளில்தான் பொதுத்தேர்வுத் தோல்வி மிகுந்தது என்பது அவர் கூறிய காரணம்.

மீண்டும் அதே சிவப்பு மை. 2025இல் பள்ளியிறுதித் தேர்வு எழுதியவர்கள் ஏறத்தாழ 2013இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள். 2022இல் பிறந்த கொள்கை அவர்களது தொடக்கக் கல்வியைத் தீண்டியிருக்க வழியில்லை. அதற்கு முன்பே தாய்மொழியில் கற்பித்து வந்த பகுதிகளையே அமைச்சர் கருதினார் எனக் கொண்டாலும், அங்குள்ள வறுமை எவ்வளவு, பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பனவற்றைப் பிரித்துக் காட்டாமல் பழியைத் தாய்மொழியின்மேல் சுமத்துவது எங்ஙனம் பொருந்தும்? பிழை எங்கே பிறந்தது என்று பார்க்காமல் ‘இக்போவில் எண்ணுவதால் வரும் கேடு’ என்று நான் எழுதியதற்கும் இதற்கும் வேறுபாடு காண எனக்குத் தெரியவில்லை.

எதிர்ச்சான்று அந்நாட்டிலேயே உண்டு. 1970இல் இஃபே பல்கலைக்கழகத்தார், பேராசிரியர் பாபுசு ஃபபுன்வா தலைமையில், யொரூபா மொழிப் பிள்ளைகளுக்கு ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முழுவதையும் யொரூபாவிலேயே அளித்து, ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்கு பயிற்றினர். அப்பிள்ளைகள் பிற பாடங்களில் முந்தியதோடு ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. யொரூபா வேறு மொழி. இக்போவுக்கு அம்முடிவு அப்படியே பொருந்தும் என்று அடித்துக் கூறமாட்டேன். ஆயினும் தாய்மொழி ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்பவர் முதலில் இச்சான்றுக்கு விடை கூறவேண்டும்.

மறுபுறத்தாரின் கவலையையும் நான் அறிவேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு அது. இலாகோசு போன்ற மாநகரின் ஒரு வகுப்பறையில் பல தாய்மொழியினர் அமர்ந்திருப்பர். யாருடைய மொழியில் கற்பிப்பது? ஆங்கிலமே தம் பிள்ளையை வறுமையிலிருந்து மீட்கும் என்று நம்பும் பெற்றோரை எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை. என் பிள்ளைகளையும் நான் ஆங்கிலம் நன்கு அறியச் செய்துள்ளேன். பயிற்றுமொழி பற்றிய வழக்கை அந்நாட்டார் தீர்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது அதனினும் சிறிய ஒன்று. பயிற்றுமொழி எதுவாயினும், இக்போப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிப்பவர் இக்போ வினையின் அமைப்பை அறிந்திருக்கட்டும். கிரீன், இக்வே இருவரும் 1963இலும், எமெனஞ்சோ 1978இலும் எழுதிய இலக்கணங்கள் உள்ளன, அறிவுக்குப் பஞ்சமில்லை. அவ்வறிவு ஆங்கில ஆசிரியரின் மேசைக்கு வந்து சேரவில்லை. எந்தப் பிழை தாய்மொழியால் வருவது, எது ஆங்கிலத்தின் முரட்டுத்தனத்தால் வருவது, எந்த இடத்தில் தாய்மொழியே துணைக்கு வரும் என்று வினை வினையாகக் காட்டும் நூறு பக்கக் கையேடு ஒன்று போதும்.

தண்டப் பட்டியலை நான் 1982இல் என் வகுப்பில் நிறுத்திவிட்டேன். தலைமையாசிரியருக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன், கேட்கவில்லை. ‘டிட் நாட் கேம்’ எழுதிய மாணவன் ஆங்கிலத்தில் உயர்தகுதி பெற்றானா என்பதை அறியுமுன்னரே, 1984இல், ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்பினேன். அவன் ஏட்டில் நான் எழுதிய அந்தத் தொடரை அவன் முன்னிலையில் அடித்துவிட்டுத்தான் வந்தேன் என்பது ஒன்றே ஆறுதல்.

அங்கிருந்தபோது எழுதிய வினைக்குறிப்பேடு என்னிடம் உள்ளது. எண்பதுக்கு மேற்பட்ட இக்போ வினைகள், அவற்றின் இறந்தகாலம், எதிர்மறை, உடன்வரும் பெயர், தமிழ்ப் பொருள் என நான்கு பத்திகளில் எழுதியது. குரல் ஏற்ற இறக்கக் குறிகளில் என் செவி செய்த பிழைகள் இருக்கக்கூடும். அதன் படி ஒன்றைத் தமிழ்த்துறை நூலகத்தில் வைக்கத் துறைத்தலைவர் இசைந்துள்ளார். ஒப்பிலக்கணத்தில் நாட்டமுள்ள மாணவர்கள் பார்க்கலாம். பிழை கண்டால் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கவும்.